வெறும் வயிற்றில் போடாதே

என் சண்டைக்காரத் தங்கச்சி சுகுவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போகிறது. செத்துப் போனவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். பதினோரு மாதமாக உன்னோடு மனசுக்குள்ளேயே பேசிப் பேசி எனக்கு நெஞ்சு அடைத்துப் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றேதான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சங்கதி. பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்து வைத்திருந்த இடங்களில் பாதியைத் திறந்துவிட்டார்கள். நம் கள்ளிக்குப்பம் மெயின் ரோட்டில் மட்டும் பள்ளம் அப்படியே இருக்கிறது. நீ ஸ்கூட்டியோடு விழுந்து எழுந்து கவுன்சிலரைத் திட்டினாயே, அதே பள்ளம். அம்பத்தூர் எஸ்டேட்டில் உன் கம்பெனியில் நீ நின்ற இடத்தில் வேறொரு பெண் நிற்கிறாளாம். உன்னோடு வேலை பார்த்தவள் ஒருத்தி கடைக்கு வந்தபோது சொன்னாள்.

உன் மகள் மித்ராவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து புதுசு முளைத்துவிட்டது. உன்னை மாதிரியே முறத்துப் பல். இரண்டாம் வகுப்பு போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்னோடும் அம்மாவோடும் இந்த வீட்டில்தான் இருந்தாள். இப்போது இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

சரி, சுற்றாமல் சொல்கிறேன். நீ போனதற்கு உன் புருஷன்தான் காரணம் என்று நம் வீடு இந்தப் பதினோரு மாதமும் சொல்லிக்கொண்டிருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காரணம் நான். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். போன ஞாயிறு வரைக்கும் வேறு ஒருத்தருக்கும் தெரியாது.

படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள். நான் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். பதினாறு வருஷமாக ஒரே கடை. என் சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு முதலாளி சுவரில் மாட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் உடம்பு வலி, காய்ச்சல், கை கால் குடைச்சல் என்றால் பாதிப் பேர் டாக்டரிடம் போவதில்லை. நேராகக் கடைக்கு வந்து, "ரெண்டு வேளைக்கு செட் குடுக்கா" என்பார்கள். வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று, கூடவே ஒரு குட்டி வெள்ளை மாத்திரை. நாலையும் காகித உறையில் போட்டு மடித்துக் கொடுத்தால் அதுதான் செட்.

அந்தக் குட்டி வெள்ளைதான் ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். சாயங்காலம் வாங்கிப் போனவர்கள் மறுநாள் காலையில் துள்ளிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். "தேவிக்கா கை ராசியான கை" என்று பேர் வந்தது. அந்தப் பேர் மேல் எனக்குக் கொள்ளை ஆசை, சுகு. கல்யாணம் காட்சி இல்லாமல் முப்பத்தெட்டு வயசு வரைக்கும் ஓடியாடிச் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

நீ இடது கை வலிக்கிறது என்று வந்து நின்ற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காருக்குள் ஓடுகிற வயர்களையெல்லாம் ஆள் உயரப் பலகையில் வைத்துக் கட்டுகிற வேலை உனக்கு. நாள் பூரா கையைத் தூக்கியபடி நிற்க வேண்டும். "தூக்கினா கொஞ்ச நேரத்துல கை செத்துப் போன மாதிரி ஆயிடுதுக்கா. கீழ போட்டா சரியாயிடுது" என்றாய். மித்ராவுக்கு ஒரு பின்னல் போட்டு முடிப்பதற்குள் கை விழுந்துவிடுகிறது, இன்னொரு பின்னலை எதிர் வீட்டு அம்மாதான் போட்டுவிடுகிறாள் என்றும் சொன்னாய். ஒரு நோயாளி இதைவிடத் தெளிவாகச் சொல்லவே முடியாது என்று பிற்பாடு ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். நான் என்ன சொன்னேன்? "எட்டு மணி நேரம் கையத் தூக்கினு நின்னா எவளுக்குத்தான் வலிக்காது, போடி" என்றேன். செட் மடித்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது என்று போன் போட்டு எனக்கு முத்தம் கொடுத்தாய்.

கடையில் பிரஷர் பார்க்கிற மிஷின் ஒன்று உண்டு. ஒருநாள் விளையாட்டாக உன் இடது கையில் கட்டினேன். எர்ரர் என்று காட்டியது. மறுபடியும் எர்ரர். பாட்டரி மாற்றினேன். அப்போதும் அதேதான். "சனியம் புடிச்ச மிஷின்" என்று இரண்டு தட்டுத் தட்டி, வலது கையில் கட்டினேன். காட்டியது, கொஞ்சம் அதிகமாக. புருஷனோடு சண்டையா என்று கிண்டல் பண்ணினேன். அடுத்த வாரமே முதலாளியிடம் சொல்லிப் புது மிஷின் வாங்க வைத்தேன்.

பழைய மிஷின் நன்றாகத்தான் இருந்தது, சுகு. உன் இடது கைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகவில்லை. அதைத்தான் அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. படித்தவள் நான், மிஷினை மாற்றினேன்.

வாரத்துக்கு ஒரு செட் என்பது மூன்றாகியது. எதற்கு நாலு மாத்திரை என்று குட்டி வெள்ளையை மட்டும் அட்டையாகவே உன் கையில் கொடுக்க ஆரம்பித்தேன். "காலைல ஒண்ணு. சாப்ட்டுட்டுத்தான் போடணும். வெறும் வயித்துல போடாத, புண்ணாயிடும்" என்றேன். ஆறு மாதம் அப்படிப் போனது. உன் முகம் உருண்டு பளபளவென்று ஆனது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எம்பொண்ணு இப்பத்தான் பாக்க லட்சணமா கீறா" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். எதிர் வீட்டு அம்மா, "இன்னா சுகு, மித்ராவுக்குத் தம்பி வரப் போறானா?" என்று கேட்டாள். நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய். அது மாத்திரை வீக்கம் என்று அந்தத் தெருவிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். மெதுவாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

உன் புருஷன் தணிகைவேல் ஒருநாள் கடைக்கே வந்தார். பூந்தமல்லியில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையிலிருந்து நேராக, சட்டையில் வெல்டிங் பொத்தல்களோடு வந்து ஓரமாக நின்றார். கூட்டம் குறைந்த பிறகு, "அண்ணி, இவ கை ஒண்ணு மட்டும் சில்லுனு கீது. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போய் ஒரு தபா காட்டிரலாமா?" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நான் எதுக்கு இருக்கேன் தம்பி? அங்க போனா நாள் பூரா வரிசைல நிக்கணும். நான் பாத்துக்கறேன், நீங்க போங்க." அவர் போய்விட்டார். மருந்து படித்த அண்ணி சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிப் போய்விட்டார். நீ மாத்திரை போடுகிறாய் என்பதே அவருக்குத் தெரியாது. கடை மாத்திரை என்றால் திட்டுவார் என்று உங்கள் பாரிவாக்கம் வீட்டு பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாய்.

ஆடி வந்தது. கை சரியாகவேண்டும் என்று நம் தெரு அம்மனுக்குப் பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்டாய். காப்புக் கட்டிக்கொண்டாய். ஒன்பது நாள் விரதம். பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு ஒரு வேளைச் சோறு. காலையில் சாப்பாடு கிடையாது. சாப்பிடாமல் மாத்திரை போடக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதனால் மாத்திரையையும் நிறுத்திவிட்டாய். சின்ன வயசிலிருந்து எல்லாவற்றுக்கும் என்னோடு மல்லுக்கு நின்றவள், இந்த ஒன்றில் மட்டும் ஏன்டி என் பேச்சைத் தட்டாமல் கேட்டாய்?

மாதக்கணக்கில் போட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எங்களுக்குப் பாடத்தில் வந்த விஷயம், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். விரதம் என்று நீ சொன்னபோது அது என் மண்டையில் உறைக்கவே இல்லை. மாத்திரையை என்ன பண்ணுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் பால்குடம். மஞ்சள் புடவை, ஈரத் தலை, கழுத்து நிறைய வேப்பிலை மாலை. உனக்குப் பின்னால் தணிகை மித்ராவைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. கோயிலுக்கு இன்னும் இரண்டு தெரு இருக்கும்போது நீ தள்ளாடினாய். குடம் சரிந்து பால் பூரா ரோட்டில் ஓடியது. அப்படியே உட்கார்ந்து, கண் சொருகி, தலையை ஆட்டி முனக ஆரம்பித்தாய்.

"ஆத்தா வந்துட்டாடி!" என்று ஒருத்தி கத்தினாள். கற்பூரம் காட்டினார்கள். மஞ்சள் தண்ணீரை உன் தலையில் ஊற்றினார்கள். வயசான அம்மா ஒருத்தி உன் முன்னால் மண்டி போட்டு, "தாயே, எம்மவனுக்கு எப்போ வேல கெடைக்கும்?" என்று குறி கேட்டாள். அம்மா உன் காலில் விழுந்தாள், சுகு, பெற்ற தாய். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கை கூப்பி நின்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம்? கால் மணி நேரம் இருக்குமா? எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அப்புறம் நீ என் பக்கம் கையை நீட்டி, "அக்கா, கண்ணு தெரியலக்கா" என்றாய். அம்மன் என்னை அக்கா என்று கூப்பிட மாட்டாள். நான் பாய்ந்து வந்து உன் இடது மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இல்லை. விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், இல்லை. வாய் திறந்து பேசிக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு நாடி இல்லை. வலது கையில் நூல் மாதிரி ஓடியது. ஆட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் தணிகை சீட்டு போட ஓடினார். அம்மா மித்ராவோடு வெளியே. உள்ளே நீயும் நானும், சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தியும் மட்டும். வலது கையில் பிரஷர் பார்த்துவிட்டு அந்தப் பெண் புருவத்தைச் சுருக்கினாள். "ரெகுலரா ஏதாவது மாத்திரை எடுக்கறாங்களா? ஸ்டீராய்டு மாதிரி?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய்.  பார்த்துவிட்டு, "இல்ல டாக்டர், ஒண்ணும் சாப்புடறதில்ல" என்றாய்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாள். "நீங்க யாரு?"

"அவங்க அக்கா."

"ஏதாவது எடுத்தாங்களா?"

"இல்ல" என்றேன்.

என் தங்கச்சி என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. நான் அதன் மேல் என் பொய்யையும் ஏற்றி வைத்தேன். ஏன் சொன்னாய், சுகு? என் வேலை போய்விடும் என்றா? என் சர்ட்டிபிகேட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்றா? ராசியான கை என்ற பேர் மேல் எனக்கிருந்த ஆசை உனக்கும் தெரிந்துவிட்டதா? இல்லை, தணிகை திரும்பி வந்து கேட்டுவிடுவார் என்ற பயம்தானா? பதினோரு மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ பதில் சொல்லப் போவதில்லை.

சலைன் ஏறியது, பிரஷர் ஏறவில்லை. விரதம் இருந்ததால் உடம்பு காய்ந்துவிட்டது என்றார்கள், கிருமியாக இருக்கலாம் என்றார்கள். மதியம் இடது கையில் நாடி இல்லாததைப் பெரிய டாக்டர் கவனித்து ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இதயத்திலிருந்து கைக்கும் கழுத்துக்கும் போகிற ரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்கியிருக்கின்றன, இது ரொம்ப நாளாக இருந்திருக்கிறது என்றார். அதைக் கேட்டதும் அம்மா தணிகையைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதும் நான் பேசவில்லை. சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை பெஞ்சியை விட்டு எழுந்தேன். சரியாகி வந்துவிடுவாய், அப்புறம் நமக்குள் பேசிக்கொள்ளலாம் என்று மூன்று தடவையும் உட்கார்ந்தேன். ஒரு முழு நாள் இருந்தது எனக்கு. மறுநாள் மதியம் நீ போய்விட்டாய்.

நாலு மாதம் கழித்து உன் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, இந்த மாதிரி நோய்களைப் பார்க்கிற பெரிய டாக்டர் ஒருவரிடம் போனேன். தெரிந்த பேஷன்ட் ஒருத்தருடையது என்று கதை விட்டு, மாத்திரை, விரதம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையான மனுஷர். சீட்டின் பின்பக்கம் ஒரு குழாயை வரைந்து காட்டினார்.

ரத்தக் குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல்கள், தரைக்கு ஓடு பதித்த மாதிரி இருக்குமாம். சாதாரணமாக வழுவழுவென்று இருக்கும், ரத்தம் ஒட்டாமல் ஓடும். உடம்பில் கிருமி நுழைந்தால் நம் எதிர்ப்புச் செல்கள் ரத்தத்தில் ஒரு தகவலை அனுப்புகின்றன. ஆபத்து என்கிற தகவல். அது வந்து தொட்டதும் இந்த ஓட்டுச் செல்கள் தம் மேல் கொக்கிகளை நீட்டுமாம். ஓடிக்கொண்டிருக்கிற வெள்ளை அணுக்கள் அந்தக் கொக்கியில் மாட்டி நின்று, சுவருக்குள் நுழைந்து சண்டை போடும். நல்லதுக்குத்தான். சண்டை முடிந்ததும் தகவல் நிற்கும், கொக்கிகள் உள்ளே போய்விடும்.

"இவங்களுக்கு எதிரியே இல்லம்மா. ஆனா தகவல் மட்டும் நிக்காம வந்துக்கிட்டே இருந்திருக்கு" என்றார். வெள்ளை அணுக்கள் உன் சொந்தக் குழாய்ச் சுவரையே அரித்தன. சுவர் புண்ணாகித் தடித்தது, உள்வழி குறுகியது. இளம் பெண்களுக்குத்தான் இது அதிகம் வருமாம். அந்தக் குட்டி வெள்ளை மாத்திரை என்ன செய்கிறது தெரியுமா? நேராகச் செல்லின் நடு அறைக்குள் போய், கொக்கி செய் என்கிற உத்தரவு கிளம்புகிற இடத்திலேயே உட்கார்ந்து மறித்துவிடுகிறது. அதனால்தான் வலி பறந்தது.

"அப்ப அது நல்ல மருந்துதானே டாக்டர்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது.

"நல்ல மருந்துதான். இந்த நோய்க்கு நாங்களும் அதத்தான் குடுப்போம். நிறைய குடுத்து, ரத்தம் டெஸ்ட் பண்ணி, ஸ்கேன் பாத்து, மெதுவாக் குறைப்போம். கூட வேற மருந்தும் சேப்போம். அரைகுறையா குடுத்தா வலி மறைஞ்சுடும், டெஸ்ட்லகூட சரியாத் தெரியாது, சுவருக்குள்ள புண்ணு அது பாட்டுக்கு நடக்கும். இப்ப அந்தத் தகவல்கள்ல ஒண்ண மட்டும் பிடிச்சு நிறுத்தற ஊசிகூட இருக்கு" என்றார். அந்த ஊசியின் பேர் எனக்குத் தெரியும். எங்கள் கடைக்கு வருகிற மருந்துப் புத்தகத்தில் இருக்கிறது. எத்தனையோ தடவை அந்தப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். கிட்னிக்கு மேலே இருக்கிற இரண்டு சின்னச் சுரப்பிகள் இதே ஸ்டீராய்டு சரக்கை உடம்புக்கு அளவாகச் செய்கின்றன. வெளியிலிருந்து தினம் மாத்திரை வந்தால் அவை வேலையை நிறுத்திவிடும். மாத்திரையும் நின்று, பட்டினி, வெயில், நடை என்று உடம்புக்குச் சோதனையும் வந்தால், தூங்குகிற சுரப்பி உடனே எழுந்து வராது. பிரஷர் இறங்கிக்கொண்டே போகும்.

"மாத்திரை எடுத்தத டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா?" என்றேன்.

"உடனே அதே ஸ்டீராய்ட ஊசியாப் போட்டிருப்பாங்க. பொழைச்சிருப்பாங்களான்னு நான் சொல்ல முடியாது. வாய்ப்பு இருந்திருக்கும்." பிறகு, "அந்த பேஷன்ட் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"தங்கச்சி" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். 

தெரிந்த பிறகாவது சொன்னேனா? இல்லை. இன்னும் ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன்னை எடுத்த அன்றைக்கே அம்மா தணிகையின் சட்டையைப் பிடித்து, "எம்பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவாம கொன்னுட்டியேடா" என்று உலுக்கினாள். அந்த மனுஷர் குலுங்கிக்கொண்டே நின்றார். மித்ராவை அம்மா அனுப்ப மறுத்துவிட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் வந்து வாசலோடு பார்த்துவிட்டுப் போவார், அம்மா உள்ளே கூப்பிட மாட்டாள். அண்ணிதான் வேண்டாம் என்றார்கள் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன ஞாயிறு ஆவடியிலிருந்து மாமா வந்திருந்தார். கையில் டைப் அடித்த காகிதம். மித்ரா இனி பாட்டி வீட்டிலேயே வளர்வதற்குத் தகப்பனுக்குச் சம்மதம், எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று அதில் இருந்தது. தணிகையை அன்றைக்குத்தான் வீட்டுக்குள் கூப்பிட்டார்கள், கையெழுத்துப் போட.

"போட்டுட்டுப் போய்க்கினே இரு. பொண்டாட்டிய பாத்துக்காதவன் புள்ளைய பாத்துக்குவானா?" என்றாள் அம்மா.

அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "நீங்க சொல்றது கரெக்டுதான் அத்தே. அவ கை சில்லுனு இருக்கசொல்லோவே நான் இட்டுகினு போயிருக்கணும். நான்தான் உட்டுட்டேன். இங்கயாவது நல்லா இருக்கட்டும் கொழந்த" என்று பேனாவை எடுத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பழி பொறுத்துக்கொண்டு இருக்கவில்லை. தான்தான் உன்னைக் கொன்றோம் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பேனாவ கீழ வைங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். செட், அட்டை, மிஷின், வெறும் வயிறு, விரதம். அழாமல்தான் சொன்னேன். "இன்னாடி பேத்தற? அவனுக்கு வக்காலத்தா?" என்று அம்மா கத்தினாள். மாமா, "தேவி, நீ உள்ள போ" என்றார். நான் போகவில்லை. கடைசியாக, டாக்டரம்மா கேட்டதைச் சொன்னேன். 

தணிகை என்னை நிமிர்ந்து பார்த்தார். "டாக்டர் உங்களாண்ட கேக்கசொல்லோ, நீங்க இன்னா சொன்னீங்க அண்ணி?"

"இல்லன்னு சொன்னேன்."

அவர் திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் தேவலை. எழுந்து போய் மித்ராவின் ஸ்கூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டார். வாசலில் நின்று, என் பக்கம் திரும்பாமலே பேசினார். "பதினோரு மாசம் அண்ணி. ஊட்ல தெனம் அவ போட்டோ முன்னால நின்னு மன்னிப்பு கேட்டுகினு இருந்தேன்."

"பெரிம்மா, நீ வரலியா?" என்று மித்ரா கேட்டாள். அவளை அவர் வண்டியில் உட்கார வைத்தார். பாரிவாக்கம் போய்விட்டார்கள்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு மூடி வைக்கிறாள், நான் எடுத்துச் சாப்பிடுகிறேன். கடையில் செட் மடிப்பதை நிறுத்திவிட்டேன். "இன்னாக்கா, நீயே இப்டி பண்ணா நாங்க எங்க போறது?" என்று கேட்டாள் ஒருத்தி. எங்கே போவாள், எதிர்க்கடைக்குத்தான். அங்கே மடித்துக் கொடுக்கிறார்கள். நம் முதலாளி இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த மாதத்தோடு கணக்கை முடித்து அனுப்பிவிடுவார் என்று நினைக்கிறேன். மருந்துக்காரர்கள் மேல் நடவடிக்கை எடுக்கிற ஆபீசுக்கு நானே ஒரு கடிதம் எழுதி, நேற்று தபாலில் சேர்த்தேன். இதே விஷயம்தான், என் பேர் போட்டு.

இதனால் நீ திரும்பி வரப் போவதில்லை. தணிகை என்னை மன்னிக்கப் போவதும் இல்லை, நான் அதைக் கேட்கவும் மாட்டேன். எனக்கு ஒரு பயம் மட்டும் இருக்கிறது. மித்ரா வளர்வாள். அம்மா எப்படிச் செத்துப் போனாள் என்று ஒருநாள் கேட்பாள். நெஞ்சு வலி, சாமி குத்தம், தலையெழுத்து என்று ஊரில் ஆளுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். அவள் அப்பாவும் என் மேல் இரக்கப்பட்டு மழுப்பினாலும் மழுப்புவார், அந்த மனுஷரை நம்ப முடியாது.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் கேட்கிற அன்றைக்கு நான் உயிரோடு இருந்தால், அவள் எங்கே இருந்தாலும் போய், எதிரில் உட்கார்ந்து, என் வாயால் சொல்வேன். உன் ரத்தக் குழாய்க்குள் நடந்ததையும் சொல்வேன், அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் நடந்ததையும் சொல்வேன். அதற்கப்புறம் அவள் என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவள் இஷ்டம். நீ மட்டும் அன்றைக்கு மாதிரி குறுக்கே வந்து என்னைக் காப்பாற்றாதே, சுகு. கெஞ்சிக் கேட்கிறேன்.

டாக்டரிடம் "இல்ல" என்று சொன்ன
உன் கூடப்பிறந்த அக்கா,
தேவி